டஜன் 12 தான், ஆனால் எதில் 12?

மேலூரில் ஃபேன்சி ஸ்டோர் திறக்கப் போகிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மதுரை விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடையில் சரக்கு விசாரித்தபோது, குழந்தைகள் சாக்ஸ் "டஜன் 240" என்றார்களாம். 12 சாக்ஸ் என்றால் 6 ஜோடி, அப்படியானால் ஜோடி 40 ரூபாயா என்று மலைத்துப்போய், வாங்காமல் பஸ் ஏறிவிட்டார். அப்புறம் வேறொரு விஷயம். ஆன்லைனில் வளையல் ஆர்டர் போட இங்கிலீஷில் "ஃபைவ் டஜன்ஸ் ஆஃப் பேங்கிள்ஸ்" என்று எழுதினாராம். அக்கா மகள் அது தப்பு என்று சிரித்திருக்கிறாள். டஜன் என்றால் எப்போதும் 12 தானா, இங்கிலீஷில் அதை எப்படி எழுதுவது, பத்து பத்தாக விற்காமல் ஏன் இந்த 12 என்பது அவர் கேள்வி.

முதலில் சாக்ஸை முடித்துவிடுவோம், பணம் சம்பந்தப்பட்டது அது. டஜன் என்றால் 12, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 12 என்பது வெறும் எண். எதில் 12 என்பதை அந்தச் சரக்கு எப்படி விலை போகிறது என்பதுதான் தீர்மானிக்கும். சாக்ஸை யாரும் ஒற்றையாக விற்க மாட்டார்கள். ஆகவே சாக்ஸில் ஒரு டஜன் என்றால் 12 ஜோடி, எண்ணினால் 24. தம்பிக்குச் சொன்ன விலை ஜோடி 20 ரூபாய். 40 என்று நினைத்துத் திரும்பி வந்திருக்கிறார். பரவாயில்லை, கடை அங்கேயேதான் இருக்கும்.

கம்மலும் அப்படித்தான். அட்டையில் குத்தியிருக்கும் ஒரு ஜோடிதான் ஒரு எண்ணிக்கை. டஜன் என்றால் 12 அட்டை. கைக்குட்டை, சீப்பு, ரப்பர் பேண்ட் பாக்கெட், நெயில் பாலிஷ் எல்லாம் ஒன்று ஒன்றாக விலை போகிற சரக்கு, அதில் குழப்பம் இல்லை. ஹேர் கிளிப்பில்தான் கவனம் வேண்டும். ஒரே அட்டையில் இரண்டு கிளிப் இருக்கும். சில கடையில் அட்டைக் கணக்கு, சில கடையில் பீஸ் கணக்கு. "அண்ணே, டஜன்னா 12 அட்டையா, 12 பீஸா?" என்று வாயைத் திறந்து கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் புது ஆள் என்று தெரிந்துவிடுமே என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. புது ஆள் என்பது நீங்கள் கடைக்குள் காலெடுத்து வைத்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பொட்டு பாக்கெட்டில் இன்னும் ஒரு படி உண்டு. ஒரு அட்டையில் எத்தனை பொட்டு, ஒரு பெட்டியில் எத்தனை அட்டை, டஜன் விலை அட்டைக்கா பெட்டிக்கா என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். "செட்" என்ற சொல்லை டஜனைவிட அதிகமாகச் சந்தேகப்படுங்கள். மெட்டல் வளையலில் ஒரு செட் என்பது 2 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். டஜனுக்காவது எண் மாறாது. செட்டுக்கு அந்த ஒழுக்கமும் கிடையாது.

கண்ணாடி வளையல்தான் டஜனின் சொந்த ஊர். மதுரையில் வளையலுக்குத் தனி மரியாதை. ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் வளையல் விற்ற லீலையை இன்றும் நடத்துகிறார்கள், சாமியே வளையல் வியாபாரம் பார்த்த ஊர். அன்றைக்கு அவர் டஜன் கணக்கில் விற்றிருக்க மாட்டார், அது வேறு விஷயம். இன்று உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத்திலிருந்து வருகிற கண்ணாடி வளையலை ஏழுகடல் தெரு பக்கமோ, புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலோ கேட்டால் டஜன் விலைதான் சொல்வார்கள். இங்கே 12 என்றால் 12 வளையல், ஜோடிக் கணக்கு இல்லை. ஒரு கைக்கு ஒரு டஜன், இரண்டு கைக்கு இரண்டு டஜன். வளைகாப்பு வீட்டுக்காரர்கள் வந்தால் மட்டும் கொஞ்சம் இடிக்கும். பல வீடுகளில் ஒற்றைப்படையாகத்தான் அடுக்குவார்கள். 12 இரட்டைப்படை. அதனால் டஜனைப் பிரித்து எண்ணிக் கொடுக்கவும், மிச்சத்தைச் சில்லறையாக விற்கவும் தயாராக இருங்கள்.

பழைய வளையல்காரர்கள் எண்ணுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று ஒன்றாக எண்ண மாட்டார்கள். விரலில் மூன்று மூன்றாகத் தள்ளி, "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று நான்கு தள்ளலில் டஜனை முடித்துவிடுவார்கள். ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது நெல் அளக்கிற காலத்துப் பழக்கம். எண்ணி முடித்ததும் கட்டைக் காதருகே வைத்து லேசாக ஒரு குலுக்கு. கீறல் விட்ட வளையல் இருந்தால் கலகலவென்று இல்லாமல் சத்தம் மந்தமாக இருக்கும். கடையை விட்டு இறங்கும் முன் நீங்களும் குலுக்கிப் பாருங்கள். மேலூருக்குப் போய்ப் பிரித்து 11 தான் இருக்கிறது என்று போன் போட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வளையல் என்று வந்துவிட்டதால் அளவையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் இது தெரியாமல் ஆர்டர் போட்டால் நஷ்டம். 2.2, 2.4, 2.6, 2.8, 2.10 என்று பெட்டியில் எழுதியிருக்கும். இதைத் தசமப் புள்ளி என்று நினைத்தால் 2.10 தான் எல்லாவற்றிலும் சின்னது என்று தோன்றும். உண்மையில் அது பெரிய கைக்கு உள்ளது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பாகமும், அதாவது உள்விட்டம் இரண்டேகால் அங்குலம். 2.8 என்றால் இரண்டரை. 2.10 அதற்கும் மேலே. அதனால்தான் கடையில் யாரும் "டூ பாயின்ட் ஃபோர்" என்று சொல்வதில்லை, "ரெண்டு நாலு", "ரெண்டு ஆறு" என்கிறார்கள்.

இந்தப் பதினாறும் நம்முடைய பன்னிரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். ஏன் 12 என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாக மிச்சமில்லாமல் பிரிக்கலாம். பத்தை இரண்டாலும் ஐந்தாலும் மட்டும்தான் பிரிக்க முடியும். மூன்று பேர் பங்கு போட்டால் பத்து கையை விரிக்கும். பெட்டியில் அடுக்குவதற்கும் 12 தோது, மூன்று வரிசையில் நான்கு வைக்கலாம், இரண்டு வரிசையில் ஆறு வைக்கலாம். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டு எண்ணினால் ஒரு கையிலேயே 12 வரும். கோயில் பிராகாரத்தில் ஜபம் எண்ணுகிறவர்களின் கையைப் பார்த்தால் தெரியும். பன்னிரண்டு என்ற கணக்கே இப்படி வந்ததுதான் என்று சிலர் சொல்வார்கள். நடந்திருக்கலாம்.

ஆனால் கடைக்காரனை டஜனோடு கட்டிப்போட்டது காசு என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தில் ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். டஜன் எத்தனை ஷில்லிங்கோ, ஒன்று அத்தனை பென்ஸ். பேனாவே வேண்டாம். டஜன் 7 ஷில்லிங் என்றால் ஒன்று 7 பென்ஸ். 1971 பிப்ரவரி 15 வரை அங்கே அந்தக் கணக்குதான். நம் ஊரிலும் அதே வசதி இருந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்படி, அந்தக் காலத்துச் சின்னக் காசு, மொத்தம் ரூபாய்க்கு 192. டஜன் ஒரு அணா என்றால் ஒன்று ஒரு தம்படி. டஜன் 12 அணா, அதாவது முக்கால் ரூபாய் என்றால் ஒன்று ஒரு அணா. படிக்காத வியாபாரிகூட மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. அன்றிலிருந்து டஜன் கணக்கு வம்பு பிடித்தது. டஜன் 100 ரூபாய் என்றால் ஒன்று 8 ரூபாய் 33 காசு, அதுவும் சரியாக முடியாது. காசு போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு குறுக்குவழி. டஜன் விலை 120 என்றால் ஒன்று 10 ரூபாய் என்பதை நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஒவ்வொரு 12 ரூபாய்க்கும் ஒரு ரூபாய் ஏற்றிக்கொண்டே போகலாம். 156 என்றால் 36 கூடுதல், மூன்று ரூபாய், ஆகப் பதின்மூன்று. கால்குலேட்டரை எடுப்பதற்குள் கடைக்காரரிடம் பேரம் தொடங்கிவிடலாம்.

தமிழ்ப் பின்னங்களும் டஜனோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். கால் டஜன் 3, அரை டஜன் 6, முக்கால் டஜன் 9, ஒன்றரை டஜன் 18. பத்தில் கால் கேட்டுப் பாருங்கள்.

டஜனுக்கு மேலே குரோஸ் இருக்கிறது. 12 டஜன் ஒரு குரோஸ், 144. பிரெஞ்சில் "பெரிய டஜன்" என்ற பொருளில் வந்த சொல். சட்டைப் பொத்தான், ஜாக்கெட் கொக்கி மாதிரிச் சின்னச் சாமான்களை மொத்தத்தில் கேட்டால் இன்னும் குரோஸ் கணக்கு காதில் விழும். 12 குரோஸ் சேர்ந்தால் கிரேட் குரோஸ், 1728. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி உற்பத்தியையும் கலால் வரியையும் குரோஸ் கணக்கில் பேசிய காலம் உண்டு. இதெல்லாம் தாத்தா காலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. பில்லில் அளவுக்கு என்று குறியீட்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்து பாருங்கள். டஜனுக்கு டி.ஓ.இசட்., குரோஸுக்கு ஜி.ஆர்.எஸ்., கிரேட் குரோஸுக்கு ஜி.ஜி.கே. என்று எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஜோடிக்கு பி.ஆர்.எஸ். என்று தனிக் குறியீடு. உங்கள் சாக்ஸ் பில்லில் பி.ஆர்.எஸ். என்று போட்டிருந்தால் அது ஜோடிக் கணக்கு என்பது விளங்கிவிடும். பாக்கெட்டின் மேலே 12 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து "என்" அல்லது "யூ" இருந்தால் அது எண்ணிக்கை என்று பொருள்.

டஜன் நம் ஊரில் எல்லாச் சரக்கிலும் செல்லுபடியாகாது என்பதையும் சொல்ல வேண்டும். மும்பையிலிருந்து வந்த உறவுக்காரர் யானைக்கல்லில் நின்று "ஒரு டஜன் வாழைப்பழம்" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிடம் யோசிப்பார். அங்கே டஜன் வழக்கம். நமக்குச் சீப்பு, மொத்தத்தில் தார். சீப்பில் எத்தனை பழம் என்பது வாழையைப் பொறுத்தது. முட்டையும் இங்கே டஜனுக்குள் அடங்கவில்லை. நாமக்கல் விலை ஒரு முட்டைக்கு இத்தனை என்று வரும், கடையில் வாங்குவது 30 முட்டை உள்ள அட்டை, இரண்டரை டஜன் என்று யாரும் சொல்வதில்லை. வெற்றிலைக்குக் கவுளி, மல்லிகைக்கு முழம். முழம் விற்கிறவரின் கையைப் பொறுத்தது என்பதால் அங்கே சண்டைக்கு எப்போதும் இடம் உண்டு. இங்கிலீஷ்காரன் கப்பலில் வந்த சரக்கோடு வந்த சொல் டஜன். பெட்டியில் அடைத்து வந்த பொருளில்தான் அது ஒட்டிக்கொண்டது, மரத்திலும் கொடியிலும் விளைந்ததற்கு நம்மிடம் ஏற்கெனவே கணக்கு இருந்தது. இந்திக்காரர்கள்கூட "தர்ஜன்" என்று இதே சொல்லைத்தான் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள்.

நோட்டு வாங்கும்போது "ரெண்டு குயர் நோட்டு" என்கிறோமே, அந்தக் குயரும் ஒரு காலத்தில் 24 தாள், அதாவது இரண்டு டஜன். பிறகு 25 ஆக்கிவிட்டார்கள். 480 தாளாக இருந்த ரீம் 500 ஆனது. தாளில் தோற்ற டஜன் வளையலில் ஜெயித்து நிற்கிறது.

இப்போது அக்கா மகளின் சிரிப்புக்கு வருவோம். அவள் சொன்னது சரி. "ஃபைவ் டஜன் பேங்கிள்ஸ்" என்றுதான் எழுத வேண்டும். "டஜன்ஸ்" வேண்டாம், "ஆஃப்" வேண்டாம். இதற்கு இலக்கணப் புத்தகம் திறக்க வேண்டியதில்லை, தமிழில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே போங்கள். "அஞ்சு டஜன் வளையல்" என்கிறோம். "அஞ்சு டஜன்கள் வளையல்" என்றோ "அஞ்சு டஜனுடைய வளையல்" என்றோ சொல்கிறோமா? முன்னால் எண் இருந்தால் இங்கிலீஷிலும் டஜன் அசையாமல் நிற்கும். ஹண்ட்ரட், தவுசண்ட் இரண்டும் இதே ஜாதி. "டூ ஹண்ட்ரட் ருபீஸ்" என்று எழுதும்போது யாரும் தடுமாறுவதில்லை.

"டஜன்ஸ் ஆஃப்" என்பது வேறு ஆள். எண் சொல்லாமல் நிறைய என்று காட்டுவதற்கு அது. "டஜன்ஸ் ஆஃப் கஸ்டமர்ஸ்" என்றால் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் கூட்டம் இருந்தது என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் ஆர்டரைத் திரும்பப் படியுங்கள், ஐந்து என்ற எண்ணையும் போட்டு எண்ணவில்லை என்ற சொல்லையும் போட்டிருக்கிறீர்கள். "ஆஃப்" வர வேண்டிய இடம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட சரக்கைக் கைகாட்டும்போது, "அந்த வளையலில் ரெண்டு டஜன்" என்பதற்கு "டூ டஜன் ஆஃப் தோஸ் பேங்கிள்ஸ்" என்பார்கள். தமிழில் "அந்த வளையலில்" என்று "இல்" வருகிறதே, அந்த இடம்தான்.

ஜோடி மட்டும் இந்த விதிக்கு அடங்காது. "டூ பேர்ஸ் ஆஃப் சாக்ஸ்" என்பதில் "எஸ்" வரும், "ஆஃப்" வரும். ஆகவே சாக்ஸ் ஆர்டர் எழுதும்போது "ஃபைவ் டஜன் பேர்ஸ் ஆஃப் சாக்ஸ்" என்று முழுசாக எழுதுங்கள். நீளமாகத்தான் இருக்கும், ஆனால் எதில் 12 என்ற கேள்வியே எழாது.

பத்திரிகைகளில் "டஜன் கணக்கானோர் காயம்" என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பிடிக்காது. வெளிநாட்டுச் செய்தியை அவசரமாக மொழிபெயர்த்ததில் வந்தது அது. மனிதர்களைப் பத்து இருபது பேர், முப்பது நாற்பது பேர் என்று சொல்வதுதான் நம் வழக்கம். டஜன் வளையலுக்கு இருக்கட்டும்.

டஜன் 13 ஆகிற ஒரே இடம் "பேக்கர்ஸ் டஜன்". பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரொட்டியின் எடை குறைந்தால் தண்டனை என்று சட்டம் இருந்தது. அதற்குப் பயந்து ஒரு டஜனுக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். ரொட்டியை வாங்கித் தெருவில் விற்கிறவருக்கு அந்தப் பதின்மூன்றாவதுதான் லாபம் என்று சொல்கிறவர்களும் உண்டு. நம் காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொசுறு வாங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் விளக்குத்தூணில் போய் 13 கேட்காதீர்கள். அங்கே கொசுறு என்பது விலையில் கழிவதுதான், எண்ணிக்கையில் கூடுவதில்லை.

கடைசியாக, ஆன்லைன் ஆட்கள் "அ கப்புள் ஆஃப் டேஸ்" என்று பதில் போட்டால் இரண்டே நாளில் சரக்கு வந்துவிடும் என்று கடை திறப்பு விழாத் தேதியை அச்சடித்துவிடாதீர்கள். கப்புள் என்றால் இரண்டு என்றுதான் அகராதி சொல்லும். நடைமுறையில் அது நாம் "ரெண்டு நாள்ல வந்துடும்" என்று சொல்வது போலத்தான். மூன்றாகலாம், நாலும் ஆகலாம். தேதி வேண்டுமென்றால் தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பண்டிகைச் சீசனுக்கு முன்னால் என்றால் கண்ணாடி வளையலை மட்டுமாவது நேரில் வந்து எடுத்துப் போங்கள். மேலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற வளையல் பார்சலில் போகிறதைவிடக் குறைவாகத்தான் உடையும்.